மூக்குக்கு வேலை கொடுங்கள்: அடைத்து வளர்க்கும் வெண்பன்றிக்கு நல்ல கொட்டில் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு ஒரு பன்றிக் கொட்டிலுக்குள் போய், சத்தம் போடாமல் ஓரமாக நின்று பாருங்கள். பன்றி எழுந்ததும் முதல் வேலையாக மூக்கைத் தரையில் வைக்கும். சிமெண்ட் தரை, தோண்ட ஒன்றும் இல்லை. இருந்தாலும் மூக்கால் தள்ளிக்கொண்டே போகும். சுவர் வந்ததும் திரும்பி மறுபடியும் தள்ளும். கொஞ்ச நேரத்தில் கம்பியைப் பிடித்துக் கடிக்கும், அல்லது பக்கத்தில் படுத்திருப்பதன் வயிற்றில் முட்டித் தேய்க்கும். சில தாய்ப் பன்றிகள் வாயில் ஒன்றுமே இல்லாமல் மணிக்கணக்கில் மென்றுகொண்டிருக்கும், கடைவாயில் நுரை தள்ளும். தீவனம் போட்டாயிற்று, தண்ணீர் இருக்கிறது, தடுப்பூசியும் போட்டாயிற்று, இன்னும் என்ன குறை என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். குறை அந்த மூக்குக்குத்தான்.

1980-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-கஷ் என்ற இரு ஆய்வாளர்கள், மரமும் புதரும் சேறும் உள்ள ஒரு பெரிய வேலிக்குள் சாதாரணப் பண்ணைப் பன்றிகளை விட்டுக் கவனித்தார்கள். பல தலைமுறையாகக் கொட்டிலிலேயே பிறந்து வளர்ந்த பன்றிகள் அவை. ஆனாலும் பகல் பொழுதில் பாதிக்கு மேல் நிலத்தைக் கிளறுவதிலும் மேய்வதிலுமே கழித்தன. எல்லாம் சேர்ந்து ஒரு படுக்கை அமைத்துக்கொண்டன. சாணம் போடப் படுக்கையை விட்டுத் தள்ளிப் போயின. ஈனும் நேரம் வந்தால் தாய் தனியே ஒதுங்கிப் போய்க் கூடு கட்டியது. அதாவது, காட்டுப்பன்றியின் குணம் கொட்டில் பன்றிக்குள் அப்படியே இருக்கிறது. பழந்தமிழில் கேழல் (காட்டுப்பன்றி) நிலத்தை ‘உழுதது’ என்றே சொல்வார்கள். அந்த உழவுக்கு இடம் இல்லாத கொட்டிலில்தான் வால் கடி, காது கடி, சண்டை, கம்பிக் கடி எல்லாம் தொடங்குகின்றன.

நம் ஊரில் பெரும்பாலும் வளர்ப்பது பெரிய வெள்ளை யார்க்ஷயர் என்ற வெண்பன்றி, அல்லது அதன் கலப்பு. சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக நிலையத்தின் வழியாக ஊர் ஊராகப் பரவிய இனம் இது. பத்து இருபது பன்றி வைத்திருக்கும் சிறு பண்ணையாளர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும், தீவனம் போட்டு ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகு, ஒவ்வொரு கொட்டிலின் முன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள். நீங்கள் வந்ததும் அவை எழுந்து ஓடிவரும். அடங்கும் வரை பொறுத்திருந்து, அப்புறம் எண்ணத் தொடங்குங்கள்.

முக்கியமான கணக்கு ஒன்றுதான். விழித்திருக்கும் பன்றிகளில் எத்தனை வைக்கோல், மண், மரக்கட்டை மாதிரி ஏதாவதொன்றில் மூக்கை வைத்திருக்கின்றன? எத்தனை வெறும் தரையிலோ கம்பியிலோ இன்னொரு பன்றியின் உடம்பிலோ வைத்திருக்கின்றன? இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் அந்தக் கொட்டிலில் வேலை இருக்கிறது என்று பொருள்.

கூடவே வால்களைப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் பன்றியின் வால் சுருண்டு மேலே நிற்கும், அல்லது தளர்வாக ஆடும். வாலைத் தொடைகளுக்கு நடுவே ஒட்ட வைத்துக்கொண்டு நடந்தால் யாரோ கடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ரத்தம் வருவதற்குச் சில நாள் முன்பே இது தெரிந்துவிடும். காது ஓரத்துக் காயம், விலாவில் கீறல், நொண்டல், உடம்பில் அப்பிய சாணம், நாய் உட்காருவது மாதிரி நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பது, எல்லாவற்றையும் எண்ணோடு எழுதுங்கள். ‘சில பன்றிகள்’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து ஒப்பிட முடியாது.

இரண்டாம் படி: இடத்தை அளந்து, மூன்றாகப் பிரியுங்கள்

இந்தியத் தர நிர்ணயம் பன்றிக் கொட்டிலுக்குச் சொல்லும் அளவு இது: 3 முதல் 5 மாதக் குட்டிக்குக் கூரையின் கீழ் 0.9–1.2 சதுர மீட்டர், அதே அளவு திறந்தவெளி. 5 மாதத்துக்கு மேல் இரண்டிலும் 1.3–1.8. குட்டியில்லாத தாய்க்குக் கூரையின் கீழ் 1.8–2.7, வெளியே 1.4–1.8. ஈனும் தாய்க்குக் கூரையின் கீழ் 7.5–9, வெளியே 8.8–12. ஒரு சதுர மீட்டர் என்பது பத்தே முக்கால் சதுர அடி என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடுவது சுலபம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைந்தபட்ச அளவு 85–110 கிலோ பன்றிக்கு 0.65 சதுர மீட்டர்தான். இணையத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கொட்டில் கட்டியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்த அளவைப் பின்பற்றாதீர்கள். 100 கிலோ பன்றி பக்கவாட்டில் கால் நீட்டிப் படுக்கவே ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் வேண்டும். குளிர்நாட்டில் பன்றிகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கும். நம் வெயிலில் ஒன்றை ஒன்று தொடாமல் விலகிப் படுத்தால்தான் சூடு இறங்கும்.

இடம் போதுமானதாக இருந்தாலும் அதை எப்படிப் பிரித்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பன்றி அழுக்கான பிராணி என்ற பேச்சை நம்பவே வேண்டாம். வாய்ப்புக் கொடுத்தால் அது தூங்கும் இடத்தில் சாணம் போடாது. உயரமான, காய்ந்த, காற்று நேராக அடிக்காத பக்கம் படுக்கை. தாழ்வான, ஈரமான, பக்கத்துக் கொட்டில் கம்பி வழியாகத் தெரியும் பக்கம் சாணத்துக்கு. தண்ணீர் நிப்பிளை (பன்றி வாயால் அழுத்திக் குடிக்கும் குழாய் முனை) அந்த ஈரப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். நடுவில் தீவனத் தொட்டி. புதிதாகப் பன்றி விடும் நாளில் படுக்கையில் வைக்கோல் போட்டு, சாண மூலையைத் தண்ணீரால் நனைத்து, பழைய சாணம் கொஞ்சம் அங்கே போட்டுவையுங்கள். ஓரிரு நாளில் பழகிக்கொள்ளும்.

கோடையில் அவை இதைத் தலைகீழாக மாற்றி, ஈரச் சாணத்தில் படுத்துக்கொண்டு காய்ந்த இடத்தில் சாணம் போட்டால் திட்டாதீர்கள். சூடு தாங்கவில்லை என்று அவை சொல்லும் விதம் அது. எவ்வளவு கழுவினாலும் அது மாறாது. குளிர்ச்சிக்கு வழி செய்தால் தானாக மாறும்.

மூன்றாம் படி: தரையும் படுக்கையும்

தரைக்கு 3 அடிக்கு 1 அங்குலச் சரிவு போதும். வழவழப்பாகப் பூசச் சொல்லாதீர்கள். கொத்தனார் பூசியதும் ஈரம் காயுமுன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள், கால் வழுக்காது. அதிகச் சொரசொரப்பும் கூடாது, குளம்பு தேய்ந்து புண்ணாகும். படுக்கைப் பக்கம் வைக்கோல், காய்ந்த கரும்புச் சோகை, தச்சுப் பட்டறை மரத்தூள் (சாயம், மருந்து அடித்த பலகையின் தூள் வேண்டாம்) எது கிடைத்தாலும் போடலாம். பூஞ்சணம் பிடித்த வைக்கோல், நனைந்து கறுத்த நிலக்கடலைத் தோல் இரண்டையும் கொட்டிலுக்குள் கொண்டுவரவே கூடாது. பன்றி படுக்கையைத் தின்னும், பூஞ்சண நஞ்சு நேராகக் கல்லீரலுக்குப் போகும்.

நான்காம் படி: வெயில்

நமக்கு மாதிரி பன்றிக்கு வியர்க்காது. மூச்சு வாங்கியும், ஈரத்தில் புரண்டும்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். வளர்ந்த பன்றிக்குச் சுகமான வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 22 டிகிரி. நம் சித்திரை வெயில் அதைப்போல இரண்டு மடங்கு. வெண்பன்றியின் தோல் வெயிலில் வெந்து சிவந்து உரியவும் செய்யும். படுத்திருக்கும் பன்றியின் விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 20–30 என்றால் சரி. 40-ஐத் தாண்டினால் அதற்கு உதவி தேவை.

கொட்டிலின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். கூரை தாழ்வாரத்திலேயே 8 அடிக்குக் குறையக் கூடாது. தகரக் கூரை என்றால் அதன் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள், அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். தண்ணீர்த் தெளிப்பான் வைத்தால் ஓயாமல் ஓட விடாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் நனைத்து, பதினைந்து இருபது நிமிடம் விட வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். காற்றோட்டம் இல்லாத கொட்டிலில் தண்ணீர் அடித்தால் புழுக்கம் கூடி நிலைமை மோசமாகும்.

எல்லாவற்றையும்விட நல்லது சேற்றுக் குழி. திறந்தவெளியில் ஒரு மூலையில் முக்கால் அடி ஆழம், இரண்டு பன்றி சேர்ந்து புரளும் அகலம். சேறு உடம்பில் ஒட்டி மெல்ல மெல்லக் காய்வதால் வெறும் தண்ணீரைவிட நீண்ட நேரம் குளிர்ச்சி தரும், வெயிலும் படாது. வாரம் ஒருமுறை நீரை வடித்து மாற்றுங்கள். சாண வாய்க்கால் இதற்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: மூக்குக்கும் வாய்க்கும் வேலை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், பன்றிக்கு எந்நேரமும் கிளறி ஆராயப் பொருள் இருக்க வேண்டும் என்கிறது. வைக்கோல், உலர்புல், மரம், மரத்தூள், காளான் உரம் என்று பெயரிட்டே சொல்கிறது. 2016-இல் வந்த அதன் பரிந்துரை, நல்ல பொருளுக்கு நான்கு குணம் சொல்கிறது: தின்ன முடிய வேண்டும், மெல்ல முடிய வேண்டும், மூக்கால் கிளற முடிய வேண்டும், சிதைத்து உருமாற்ற முடிய வேண்டும். இந்த நான்கையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டால் கடையில் எதையும் வாங்க வேண்டியதில்லை. இரும்புச் சங்கிலி தொங்கவிட்டால் மெல்ல மட்டும்தான் முடியும், நான்கில் ஒன்று. பிளாஸ்டிக் பந்து முதல் நாள் உருளும், மூன்றாம் நாள் சாணத்தில் கிடக்கும். சாணம் பட்ட பொருளைப் பன்றி பிறகு தொடாது.

நான்கும் சேர்ந்த பொருள்கள் நம் வீட்டைச் சுற்றியே கிடக்கின்றன. வைக்கோல்தான் முதலில். ஒரு பன்றிக்கு ஒரு நாளைக்கு இரண்டு கை நிறையப் போட்டுத் தொடங்குங்கள். மறுநாள் காலையில் சுத்தமான வைக்கோல் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் அளவு போதும். ஒன்றுமே இல்லையென்றால் கூட்டுங்கள்.

அடுத்தது வாழைத்தண்டு. குலை வெட்டிய மரத்தை மூன்றடித் துண்டாக்கி நார்க்கயிற்றில் கட்டி, பன்றியின் கண் உயரத்தில் கிடைமட்டமாகத் தொங்கவிட்டோம். முதலில் ஒன்று வந்து மோந்தது. மூக்கால் ஒரு தள்ளு, தண்டு ஆடித் திரும்பி வந்து முகத்தில் இடித்தது. பின்வாங்கி, காதை முன்னே நீட்டி, மறுபடி வந்தது. பட்டையின் ஓரத்தைப் பல்லில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்ததும் நீளமாக உரிந்து வந்தது. அந்த உரியும் சத்தத்துக்குக் கொட்டிலில் இருந்த மற்ற ஏழும் எழுந்து வந்துவிட்டன. உள்ளே போகப் போக நீர் சொட்டும், ஒவ்வொரு அடுக்கும் வேறு பதத்தில் இருக்கும். ஒன்றேகால் மணி நேரத்தில் கயிறு மட்டும்தான் மிச்சம். அன்று மாலை எல்லாம் விலகி விலகி அமைதியாகப் படுத்துத் தூங்கின. அதற்கு முந்தைய வாரம் அதே நேரத்தில் ஒன்றன் காதை ஒன்று கடித்துக்கொண்டிருந்த பன்றிகள் அவை.

மண் தொட்டிதான் எனக்கு மிகவும் பிடித்தது. திறந்தவெளியில் 6 அடிக்கு 4 அடி, ஒரு அடி உயரக் கட்டை வைத்து, செம்மண்ணும் மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்புங்கள். தினமும் ஒரு பிடி மக்காச்சோளம், நறுக்கிய சர்க்கரைவள்ளி, தோட்டத்தில் களை எடுத்த கோரைக்கிழங்கு எதையாவது உள்ளே புதைத்துவையுங்கள். தேடிக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்தைப் பன்றியின் வாலிலேயே பார்க்கலாம். பத்துப் பன்றிக்கு ஒரு தொட்டி போதாது, இரண்டு வேண்டும். பெரியது ஒன்றை மறித்துக்கொண்டால் சிறியதற்கு மற்றது இருக்கும்.

இவை தவிர அகத்தி, வேலிமசால், கம்பு நேப்பியர் போன்ற பசுந்தீவனக் கட்டுகளை வேரோடும் மண்ணோடும் தொங்கவிடலாம். இளநீர் குடித்துப் போட்ட மட்டை, பிளக்காத தேங்காய் மட்டை, பச்சை முருங்கைக் கட்டை, மணல் நிரப்பாத சணல் சாக்கு எல்லாமே உதவும். மரவள்ளித் தழையை வெட்டியதும் போடாதீர்கள், ஒரு நாளாவது நன்றாக வாடவிட்டுக் கொடுங்கள். பச்சையாக இருக்கும்போது அதில் சயனைடு இருக்கும்.

கொடுக்கக் கூடாதவை: நைலான் கயிறு (விழுங்கினால் குடலில் சிக்கும்), உள்ளே கம்பி இருக்கும் பழைய டயர், ஆணி அடித்த பலகை, சாயம் பூசிய பிளைவுட், பிளாஸ்டிக் சாக்கு. புல்லில் அரளி, எருக்கு, ஆமணக்கு, உன்னிச்செடி, பார்த்தீனியம் கலந்திருக்கிறதா என்று ஒருமுறை கையால் அலசிப் பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி. ஒரே பொருள் ஒரு வாரம் தொங்கினால் அது சுவரின் ஒரு பகுதியாகிவிடும். நாங்கள் வைக்கோலையும் மண்ணையும் தினமும் வைத்திருப்போம், தொங்கும் பொருளை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவோம். திங்களன்று வாழைத்தண்டு, புதனன்று அகத்திக் கட்டு, வெள்ளியன்று இளநீர் மட்டை, ஞாயிறன்று சாக்கு. ஒரு சுற்று முடிந்து மறுபடி வரும்போது அது புதிதாகத் தெரியும். காலை வெயில் ஏறுமுன் ஒருமுறை, மாலை நாலரைக்கு மேல் ஒருமுறை கொடுங்கள். அந்த நேரங்களில்தான் பன்றி சுறுசுறுப்பாக இருக்கும். நாலைந்து பன்றிக்கு ஒரு பொருள் என்று கணக்கு வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூலையில் வைக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் விளையாட்டுப் பொருளே சண்டைக்குக் காரணமாகும்.

ஆறாம் படி: தீவனமும் தண்ணீரும்

சினைப் பன்றிக்குக் கொழுப்பு ஏறாமல் இருக்க அளந்துதான் தீவனம் போடுகிறோம். உடம்புக்கு அந்த அளவு சரிதான், வயிறு மட்டும் நிறைவதில்லை. பத்து நிமிடத்தில் தின்று முடித்துவிட்டு மீதி நாளெல்லாம் பசியோடு நிற்கும். வெறும் வாயை மெல்வதும் கம்பியைக் கடிப்பதும் சினைப் பன்றியிடம் அதிகம் என்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். அடர் தீவனத்தைக் கூட்டாமல் நார்ச்சத்தைக் கூட்டுங்கள்: தவிடு, பசுந்தழை, வைக்கோல். ஒரு பகுதியைத் தொட்டியில் போடாமல் வைக்கோலுக்குள் தூவிவிட்டால் பத்து நிமிடத் தீனி ஒரு மணி நேர வேலையாகும்.

தொட்டியில் எல்லாம் ஒரே நேரத்தில் தின்ன இடம் வேண்டும். 100 கிலோ பன்றிக்கு ஒன்றேகால் அடிக்குக் குறையாமல், தாய்க்கு ஒன்றரை அடிக்கு மேல்.

தண்ணீர் நிப்பிள் பத்துப் பன்றிக்கு ஒன்று, எவ்வளவு சிறிய கொட்டிலானாலும் இரண்டு. மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் செம்பைப் பிடித்துச் சோதியுங்கள். வளரும் பன்றிக்கு ஒரு நிமிடத்தில் செம்பு நிறைய வேண்டும், பால் கொடுக்கும் தாய்க்கு அதில் பாதி நேரத்தில். அவள் ஒரு நாளில் 20–30 லிட்டர் குடிப்பாள். கூரை மேல் கறுப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் மதியம் இரண்டு மணிக்கு அந்த நிப்பிள் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். கை சுடும் தண்ணீரை எந்தப் பிராணியும் போதுமான அளவு குடிக்காது. தொட்டிக்கு நிழல் போடுங்கள், குழாயை மண்ணில் புதையுங்கள். ஓட்டல் மிச்சம் போடுபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதில் உப்பு அதிகம். தண்ணீர் ஒரு நாள் நின்றால் உப்பு மூளையைத் தாக்கி, பன்றி வலிப்பு வந்து விழும்.

ஏழாம் படி: யாரை யாரோடு விடுவது

பன்றிகளுக்கு ஒன்றையொன்று நன்றாகத் தெரியும். யார் பெரியவர் என்று முடிவாகிவிட்டால் சண்டை அடங்கிவிடும். நாம் ஒவ்வொரு முறை கலைத்து மாற்றும்போதும் அது முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பிரிக்காமல் வளர்ப்பதே மேல். கலந்தே தீர வேண்டுமென்றால் ஒத்த எடையாக, மாலையில், இரு தரப்புக்கும் புதிதான கொட்டிலில், நிறைய வைக்கோல் போட்டு விடுங்கள். நடுவில் இரண்டு வைக்கோல் கட்டையோ ஒரு தடுப்புப் பலகையோ வைத்தால் அடிபடுவது மறைந்து நிற்க இடம் கிடைக்கும். முதல் இரண்டு நாள் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும்.

எட்டாம் படி: ஈனும் தாய்

சினைக்காலம் 114 நாள். கடைசி நாள் தாய் நிலைகொள்ளாமல் நடப்பாள், முன்காலால் தரையைப் பறிப்பாள். எங்கள் கொட்டிலில் வேலை பார்க்கும் அக்கா ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இங்க வந்து பாரு, வாயில ஓலை வச்சிருக்கு. ராத்திரி போட்டுடும்” என்றார். கூரையிலிருந்து விழுந்த காய்ந்த தென்னோலை ஒன்றை அந்தப் பன்றி வாயில் குறுக்காகக் கவ்விக்கொண்டு மூலைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தது. மூலையில் வைக்கும், மூக்கால் அமுக்கும், மனம் ஒப்பாமல் மறுபடி எடுக்கும். ஒரே ஒரு ஓலையை வைத்துக்கொண்டு கூடு கட்டப் பார்த்தது. ஒரு பெரிய கட்டு வைக்கோலைக் கொண்டுபோய் வைத்தோம். இரண்டு மணி நேரம் அதைக் கொத்துக் கொத்தாக எடுத்து வட்டமாக அடுக்கிவிட்டு, நடுவில் படுத்தது. அன்றிலிருந்து 112-ஆம் நாளே எங்கள் ஈனும் கொட்டிலில் வைக்கோல் வந்துவிடும்.

தாய் திரும்பக்கூட முடியாத இரும்புக் கூண்டில் இது எதுவும் நடக்காது. பிரிட்டன் சினைப் பன்றிக் கூண்டை 1999-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் சினைக்காலத்தின் பெரும்பகுதிக்குக் குழுவாகத்தான் வைக்க வேண்டும் என்றது. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அசைய இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. கூண்டு விற்க வருபவர் குட்டி நசுங்காது என்பார். அந்தப் பயம் நியாயமானதுதான், குட்டி நசுங்குவது உண்மை. ஆனால் அதற்கு வேறு வழி உண்டு. சுவரைச் சுற்றித் தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில், சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி ஒரு இரும்புக் குழாய் பதியுங்கள். தாய் சாயும்போது குட்டி அதன் அடியில் நழுவிவிடும். ஒரு மூலையைக் குட்டி மட்டும் நுழையும்படி அடைத்து, பல்பு போட்டு, முதல் சில நாள் 32–34 டிகிரியில் வையுங்கள். கதகதப்பு அங்கே இருந்தால் குட்டி தாயின் அடியில் போய்ப் படுக்காது. பல்பைக் கயிற்றில் கட்டாதீர்கள், சங்கிலியில் தொங்கவிடுங்கள். கீழே வைக்கோல் இருக்கிறது.

குட்டியைத் தாயிடமிருந்து 28 நாளுக்கு முன் பிரிக்கவே வேண்டாம், ஆறு வாரம் விட்டால் இன்னும் நல்லது. பால்குடி மறக்குமுன் பிரித்த குட்டிதான் பிறகு மற்றவற்றின் வயிற்றை முட்டிக்கொண்டே இருக்கும். பல் நறுக்குவதையும் வால் வெட்டுவதையும் எல்லாக் குட்டிக்கும் பழக்கமாகச் செய்யாதீர்கள். காயடிக்க வேண்டுமென்றால் வலி மருந்தோடு செய்யும்படி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

வால் கடி தொடங்கிவிட்டால்

எங்களுக்கு ஒருமுறை நடந்தது. வாங்குவதாகச் சொன்னவர் வராததால் எட்டுப் பன்றிக்கான கொட்டிலில் பன்னிரண்டு நின்றன. விடாத மழை, வைக்கோல் நனைந்துவிட்டது, புதிதாகப் போடவில்லை. நான்காம் நாள் காலை சுவரெல்லாம் ரத்தம். ரத்தத்தின் சுவை தெரிந்ததும் மற்றவையும் சேர்ந்துகொள்ளும், அதனால் மணிக்கணக்கில் பரவும்.

உடனே செய்ய வேண்டியது: கடிபட்டதைப் பிரித்து, மெத்தென்ற படுக்கையும் தண்ணீரும் உள்ள தனிக் கொட்டிலில் விடுங்கள். காயத்துக்கு மருத்துவரைக் கூப்பிடுங்கள், சீழ் முதுகெலும்பு வரை ஏறக்கூடியது. பிறகு கடிப்பது யார் என்று பொறுமையாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் இருக்கும், அவற்றையும் தனியே மாற்றுங்கள். மீதிக்கு அந்த நிமிடமே வைக்கோல், வாழைத்தண்டு, கயிறு எது கையில் கிடைக்கிறதோ அதைத் தாராளமாகப் போடுங்கள். அப்புறம் நோட்டை எடுத்து நெரிசல், காற்று, தீவன மாற்றம், தண்ணீர், வெறும் தரை என்று காரணத்தைத் தேடுங்கள். எங்கள் விஷயத்தில் நெரிசலும் வெறும் தரையும். கூடுதலாக நின்ற நான்கு பன்றிகளையும் அன்று மதியமே வேறு இடத்துக்கு மாற்றினோம். ஒன்று பிழைக்கவில்லை.

கையும் குரலும்

ஆஸ்திரேலியாவில் பால் ஹெம்ஸ்வொர்த் பல ஆண்டு ஆராய்ந்து காட்டியது: மனிதரைக் கண்டு பயப்படும் தாய்ப் பன்றிகள் உள்ள பண்ணையில் குட்டிகளும் குறைவு. அடி, மின்சாரக் குச்சி, கத்தல் மூன்றையும் நிறுத்துங்கள். ஓட்டிப் போக ஒரு பலகையைப் பக்கத்தில் பிடித்தால் போதும், வழி தெரியாத பக்கம் பன்றி போகாது. தினமும் ஐந்து நிமிடம் கொட்டிலுக்குள் குந்தி உட்காருங்கள். அவையாக வந்து மோந்து பார்க்கும். காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் சாய்ந்து படுத்துவிடும். அப்படிப் பழகிய பன்றிக்கு ஊசி போடுவதும் சுலபம்.

நோய் உள்ளே வராமல்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நுழைந்தது, 2022-இல் வயநாட்டுக்கு வந்தது. அதற்கு மருந்து இல்லை. வெளியிலிருந்து தழையும் வைக்கோலும் கொண்டுவரும்போது இதை மறக்கக் கூடாது. காட்டுப்பன்றி நடமாடும் வயலின் புல்லையும் கிழங்கையும் தவிர்த்துவிடுங்கள். வைக்கோலை வாங்கி 90 நாளாவது பன்றி எட்டாத இடத்தில் மூடி வைத்து, பிறகு பயன்படுத்துங்கள். ஓட்டல் மிச்சத்தைக் கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் கொதிக்க விடாமல் போடாதீர்கள். பன்றி இறைச்சி கலந்த மிச்சம் வேண்டவே வேண்டாம். ஒரு கொட்டிலில் கடித்த கட்டையை இன்னொரு கொட்டிலுக்கு மாற்றாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. நாளைக்கே வைக்கோலும் ஒரு வாழைத்தண்டும் முடியும். இந்த மாதத்துக்குள் நிப்பிள் சோதனை, தொட்டிக்கு நிழல், ஒரு மண் தொட்டி. கோடைக்கு முன் சேற்றுக் குழி. அடுத்த ஈற்றுக்கு முன் அந்த இரும்புக் குழாய். மூன்று வாரம் கழித்து, அதே நோட்டோடு, அதே நேரத்தில், அதே இடத்தில் பத்து நிமிடம் நின்று மூக்குகளை மறுபடி எண்ணுங்கள்.